அரண்மனைக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? உன்னிச்சை வாசகர்களுக்குப் பதில்கள்

பாடசாலைச் சுற்றுலாக் காலம் முடிந்தால் எங்களுக்குக் கடிதம் குவியும். இம்முறை அதிகம் வந்தது மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து. அதிலும் உன்னிச்சை, ஆயித்தியமலைப் பக்கமிருந்து. சிகிரியா, பொலன்னறுவை, கண்டி எல்லாம் பார்த்துவிட்டு வந்தவர்கள் அரண்மனைகளையும் பூங்காவனங்களையும் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். குளத்துத் தண்ணீரில் வெள்ளாமை செய்கிற ஊர்க்காரருக்கு எதில் கண் போகும் என்பது முதல் கேள்வியிலேயே தெரிகிறது.

கேள்வி: சிகிரியாவில் ஓட்டை போட்ட வட்டக் கல்லைக் காட்டி, 1,500 வருடத்துக்கு முந்திய நீரூற்று என்றார்கள். மோட்டர் இல்லாமல் எப்படித் தண்ணீர் மேலே வரும்? (தரம் 10 மாணவி, உன்னிச்சை)

மோட்டர் வேண்டாம் மகளே, மேடும் பள்ளமும் போதும். உயரத்தில் தேங்கிய தண்ணீரை மூடிய வாய்க்காலில் இறக்கினால், கீழே வெளிவாசல் கிடைத்த இடத்தில் அது எழும்பத்தான் பார்க்கும். உன்னிச்சைக் குளத்துத் துருசைத் திறக்கும்போது தண்ணீர் சீறிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பாய். அதே விசைதான்.

நீ பார்த்தது சுண்ணாம்புக் கற்பலகை. அதில் சீராகக் குடைந்த சிறு துளைகள். பலகைக்குக் கீழே ஆழமில்லாத ஒரு கல் அறை. மேட்டுத் தடாகத்துத் தண்ணீர் நிலத்தடி வாய்க்காலால் வந்து அதற்குள் நிறையும். நிறைந்ததும் துளைகளால் பீறிடும். மாரியில் கனமழை பெய்தால் இன்றைக்கும் பீறிடுகிறது. இன்னொன்றையும் கவனித்தாயா? மேற்கு வாசலிலிருந்து பாறைக்குப் போகும் நேர்வழியின் வலப்பக்கம் என்ன இருக்கிறதோ, அதுவே இடப்பக்கமும் இருக்கும். தடாகத்துக்குத் தடாகம், ஊற்றுக்கு ஊற்று. பாறை நெருங்க நெருங்க அந்தக் கணக்கு மாறி, கிடந்த பாறாங்கற்களைக் கிடந்தபடியே விட்டு வழி வளைந்து போகும். ஒரே பூங்காவனத்துக்குள் இரண்டு விதமான அழகு.

பிரான்சில் 14ஆம் லூயி வெர்சாய் அரண்மனைக்கு ஊற்றுகள் வைத்தது இதற்கு சுமார் 1,200 ஆண்டுகள் பிந்தி. சேன் ஆற்றில் 14 பெரிய சக்கரங்கள் சுழற்றித் தண்ணீர் ஏற்றியும் அவருக்குப் போதவில்லை. மன்னர் உலாவ வந்தால், ஊற்றுக் காவலர் விசிலடித்து ஒருவருக்கொருவர் தகவல் சொல்வார்கள். அவர் வரும் பக்கம் திறப்பார்கள், போனதும் மூடுவார்கள். சிகிரியாவைக் கட்டிய காசியப்பன் மன்னனின் ஆட்கள் முதலில் நிலத்தின் சரிவைப் படித்தார்கள். தோட்டம் போட்டது பிறகு.

கேள்வி: காசியப்பன் தகப்பனைக் கொன்றவன். அவன் கட்டியதைப் போய் ஏன் கொண்டாட வேண்டும்? (ஆயித்தியமலை)

கட்டியவனைக் கொண்டாட வேண்டாம். கல் உடைத்த கைகளையும் தண்ணீர் மட்டம் பார்த்த கண்களையும் கொண்டாடலாம்.

ஆனால் இந்தக் கதையில் தகப்பனைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தாதுசேனன் கலாவெவக் குளத்தைக் கட்டியவன். கி.பி. 477இல் ஆட்சியைப் பறித்த மகன், ஒளித்து வைத்த செல்வம் எங்கே என்று கேட்டு நெருக்கியபோது, தன்னைக் குளத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னானாம். அங்கே இறங்கிக் குளித்து, இரு கையாலும் தண்ணீரை அள்ளி, தன் செல்வம் முழுவதும் இதுதான் என்றானாம். சூளவம்சம் என்ற பழைய வரலாற்று நூல் சொல்லும் கதை இது. பிறகு அவனை உயிரோடு சுவருக்குள் வைத்து அடைத்தார்கள். 495இல் இந்தியாவிலிருந்து படையோடு திரும்பிவந்த தம்பி முகலனிடம் காசியப்பன் தோற்றான், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான்.

மகனுடைய பாறைக்கு 1982இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை என்று பட்டம் கொடுத்தது. தகப்பனுடைய குளத்தில் இன்றைக்கும் வெள்ளாமை விளைகிறது. அங்கிருந்து ஜயகங்கை என்ற 87 கிலோமீற்றர் வாய்க்கால் அநுராதபுரத்துத் திசாவாவிக்குப் போகிறது. அதன் முதல் 17 மைலில் சரிவு மைலுக்கு ஆறு அங்குலம்தான். திசாவாவியின் கட்டுக்குக் கீழேதான் ரன்மசு உயன என்ற அரச பூங்காவனம் இருக்கிறது. அதன் கல் தடாகங்களுக்குத் தண்ணீர் அந்த வாவியிலிருந்து வந்தது. குளம் இல்லாமல் பூங்காவனம் இல்லை என்பதை அங்கே போனால் நேரில் காணலாம்.

கேள்வி: சிகிரியா அரண்மனையே இல்லை, அது விகாரை என்கிறார்களே? (வவுணதீவு)

முன்னாள் தொல்பொருள் ஆணையாளர் ராஜா த சில்வா அப்படித்தான் வாதாடினார். குபேரனின் அளகாபுரியை மனதில் வைத்துக் கட்டிய அரண்மனை என்றார் தொல்லியலாளர் பரணவிதான. காசியப்பனுக்கு முன்னும் பின்னும் அங்கே பிக்குகள் இருந்தது உண்மை. உச்சியில் சுமார் 27 மீற்றருக்கு 21 மீற்றர் அளவில் பாறையைக் குடைந்து தடாகம் வெட்டி, கீழே அகழியும் நீர்ப்பூங்காவும் வைத்த இடத்தைப் பார்த்தால் எனக்கு அரசனின் கைதான் தெரிகிறது.

கேள்வி: சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் பழைய காலத்தவர் கிறுக்கியது பொக்கிஷமாம், நாங்கள் எழுதினால் குற்றமாம். இது என்ன நியாயம்? (கொக்கட்டிச்சோலை)

கேட்க வேண்டிய கேள்விதான். அந்தச் சுவரில் எழுதியவர்கள் பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை வந்த பயணிகள். 685 பாடல்களைப் பரணவிதான வாசித்து 1956இல் நூலாக்கினார். சாதாரண மனிதர்கள் தங்கள் பேரையும் ஊரையும் மனதையும் எழுதிவைத்த இவ்வளவு பழைய ஏடு வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. அந்த எழுத்துகள் முடி அளவு கீறல்கள். அதன் மேல் இன்று ஒரு ஆணி பட்டாலும் கீழே உள்ள பழைய வரி போய்விடும். அதனால்தான் குற்றம்.

2015இல் நம் மாவட்டத்திலிருந்து சுற்றுலா போன ஓர் இளம்பெண் அந்தச் சுவரில் தன் பேரைக் கீறியதற்காக இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பின்னர் ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார். தண்டனை அவ்வளவு பெரிதாக இருந்திருக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. தெரியாமல் செய்யும் பிள்ளையைத் தடுக்க வேண்டியது சிறை அல்ல, அந்தப் பிள்ளையின் தாய்மொழியில் வாசலிலேயே தெளிவாக எழுதிவைத்த பலகையும், சுவரருகே நிற்கும் ஒரு வழிகாட்டியும். ஆசிரியர்களே, பஸ்ஸில் ஏறும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

அறிந்தே செய்தவர்களும் உண்டு. 1967 ஒக்டோபரில் சிகிரியா ஓவியங்களின் மேல் பச்சை வண்ணம் பூசிப் பாழாக்கினார்கள். இத்தாலியிலிருந்து லுச்சியானோ மரான்சி என்ற நிபுணர் வந்துதான் மீட்டார்.

கேள்வி: பொலன்னறுவையில் பராக்கிரமபாகுவின் மாளிகை ஏழு மாடி, ஆயிரம் அறை என்றார்கள். நாங்கள் கண்டது உடைந்த சுவர்தான். (கரடியனாறு)

ஏழும் ஆயிரமும் சூளவம்சக் கணக்கு. கண் முன்னால் நிற்பது மூன்று மாடி உயரச் செங்கற் சுவர், சுமார் மூன்று மீற்றர் கனம். அடுத்த முறை போனால் சுவரில் வரிசையாக இருக்கும் குழிகளைப் பாருங்கள். மேல்மாடியின் மர உத்தரங்கள் அவற்றுக்குள்தான் சொருகியிருந்தன. மரம் எரிந்த சூட்டில் சில இடத்தில் செங்கல் உருகிக் கண்ணாடிபோல் இறுகியிருக்கும். அந்த இடத்தில் விரல் வைக்காமல் கண்ணால் மட்டும் பாருங்கள்.

அப்படியே கீழே இறங்கினால் குமார பொக்குண, அரச குளியல் தடாகம். முதலை வாயால் தண்ணீர் விழும்படி அமைத்திருக்கிறார்கள். மாளிகை எரிந்து போயிற்று, தடாகம் தப்பி நிற்கிறது.

கேள்வி: எங்கள் உன்னிச்சையிலும் ஆடகசவுந்தரியின் அரண்மனை இருந்ததென்று அப்பப்பா சொல்வார். உண்மையா? (உன்னிச்சை)

ஆடகசவுந்தரி உன்னாசகிரியில் இருந்து ஆண்டாள் என்பது மட்டக்களப்பு மான்மியம் வழி வரும் கதை. திருக்கோணமலையில் கோயில் கட்ட வந்த குளக்கோட்டனைத் தடுக்க ஆள் அனுப்பி, கடைசியில் அவனையே மணந்துகொண்ட அரசி அவள். அவர்கள் கதை எங்கே போய்ச் சேருகிறது தெரியுமா? கந்தளாய்க் குளத்தில். உன்னாசகிரியை உன்னிச்சையோடு சேர்த்துப் பேசுவது நம் பக்கத்து வழக்கம்.

அப்பப்பா சொன்ன கதையை அவர் சொன்னபடியே எழுதிவையுங்கள், அதற்குத் தனி மதிப்பு உண்டு. அரண்மனை என்று அறிவிக்க மண்ணுக்குள்ளிருந்து அத்திவாரமும் ஓடும் பானையும் வரவேண்டும், அதை முறைப்படி தோண்டிக் காலம் கணிக்க வேண்டும். இரண்டையும் கலக்காமல் இருப்பதே அந்த அரசிக்கு நாம் செய்யும் மரியாதை.

கேள்வி: உழும்போது பெரிய பெரிய பழஞ்செங்கல் வருகிறது. வீட்டு அத்திவாரத்துக்குப் போடலாமா? (ஊர் வேண்டாம் என்று எழுதியவர்)

போடவேண்டாம். ஒரு செங்கல்லைக் கிடந்த இடத்திலிருந்து எடுத்த கணமே அதன் கதையில் பாதி போய்விட்டது. எந்த ஆழத்தில் இருந்தது, எந்தத் திசையில் கிடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்பவைதான் ஆய்வாளருக்கு வேண்டியவை. உழவை அந்த இடத்தில் நிறுத்துங்கள். கிடந்தபடியே படம் எடுங்கள், அருகில் ஒரு அடிமட்டத்தை வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்து ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி கண்டதை அறிவிப்பது கடமை. அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். புதையல் என்று இரவில் பூசை போட்டுத் தோண்ட வருகிற கூட்டத்தைக் கண்டால் உடனே பொலிசுக்குச் சொல்லுங்கள். நாட்டில் பழைய இடங்கள் பலவற்றை அழித்தது அந்த மண்வெட்டிதான்.

கேள்வி: அறிவிக்கச் சொல்கிறீர்கள். தொல்பொருள் என்று கல் நட்டால் எங்கள் காணி என்னாகும்? (அதே கடிதத்தில் இரண்டாவது கேள்வி)

இந்தப் பயம் வெறும் பயம் இல்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென ஜனாதிபதி செயலணி ஒன்றை அமைத்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு நியமித்த அந்தச் செயலணியில், தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. தலைமை பாதுகாப்புச் செயலாளரிடம் இருந்தது. அப்படி வருகிறவர்களிடம் ஒரு விவசாயி தன் வயலில் கண்டதைக் காட்டத் தயங்கினால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

மரபுரிமையைக் காப்பவர், அதன் பக்கத்தில் வாழும் மக்களைச் சந்தேகத்தோடு பார்த்தால் காரியம் நடக்காது. வரம்பும் வாய்க்காலும் யாருடையவை என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். எல்லை போடும்போது கிராமத்தவரும் வட்டவிதானையும் பக்கத்தில் நிற்க வேண்டும், வரைபடத்தின் பிரதி தமிழில் கிடைக்க வேண்டும், வெள்ளாமை தடைப்பட்டால் இழப்பீடு வேண்டும். இவற்றைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். ஆனால் பயத்தில் செங்கல்லை உடைத்துப் புதைத்துவிடாதீர்கள். உடைந்து போவது நம்முடைய முன்னோரின் சான்றாகவும் இருக்கலாம்.

கேள்வி: தமிழ் அரசர்களின் அரண்மனை எதுவும் மிஞ்சவில்லையா? (செங்கலடி)

குறைவு. பழைய வழக்கம் கடவுளுக்குக் கல், அரசனுக்குச் செங்கல்லும் மரமும். அதனால் கோயில் நின்றது, மாளிகை போயிற்று. கங்கைகொண்டசோழபுரத்துக் கோயில் 2004இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அதன் பக்கத்து மாளிகைமேட்டில் இராசேந்திரனின் அரண்மனை அத்திவாரமாக மட்டும் 1980களில் தோண்டி எடுக்கப்பட்டது. மேலே இருந்த செங்கல்லை யார் யாரோ காலங்காலமாகப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். (முந்திய கேள்விக்காரர் இதைக் கவனிக்க.)

மதுரையில் திருமலை நாயக்கர் மகால் 1636இல் கட்டியது. அவருடைய பேரன் சொக்கநாதரே ஒரு பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். மிஞ்சியதை 19ஆம் நூற்றாண்டில் சென்னை ஆளுநர் நேப்பியர் திருத்தினார். குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை மரவேலையின் உச்சம். நிலம் தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அடுத்த மாநிலத்து மண்ணில் இருந்தாலும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

யாழ்ப்பாண அரசு 1619இல் விழுந்தது. நல்லூரில் சங்கிலியன் தோப்பு வாசல் வளைவும், ‘ப’ வடிவில் வெட்டிய யமுனா ஏரியும், மந்திரிமனை என்று பெயர் பெற்ற வீடும் பழைய தலைநகரை நினைவூட்டி நிற்கின்றன. யமுனா ஏரிக்கரையில் நின்றபோது எனக்குப் பட்டது, அரசனின் மாளிகையைவிட அவன் வெட்டிய நீர்நிலைதான் நீடிக்கிறது என்று.

கண்டியை மறக்க வேண்டாம். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் நாயக்கர் வழியினன், இயற்பெயர் கண்ணுசாமி. கண்டி வாவியை வெட்டுவித்தவன் அவன்தான். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தோடு அவன் முடி போயிற்று. வேலூர்ச் சிறையிருப்பில் 1832இல் இறந்தான். ஒப்பந்தம் நடந்த அந்தத் திகதியைத்தான் நம் தொல்பொருள் சட்டம் எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. அதற்கு முந்திய கட்டடம் என்றால் பழஞ்சின்னம். பிந்தியது என்றால் தனியாக அறிவித்தால்தான் பாதுகாப்பு.

கேள்வி: பழைய பூங்காவனத்தில் மரம் செத்து, புதிது நட்டால், அது பழைய பூங்காவனமா? (ஆசிரியை, மட்டக்களப்பு)

ஆம். நினைவுச்சின்னங்களின் பாதுகாப்புக்கான உலக அமைப்பு இதை யோசித்து 1982இல் புளோரன்ஸ் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. பூங்காவனம் உயிருள்ள நினைவுச்சின்னம். மரம் வளரும், சாகும், திரும்ப நடவேண்டும். பாதைகளின் அமைப்பும் நீரின் ஓட்டமும் நட்ட முறையும் மாறாமல் இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். 1999 டிசம்பர்ப் புயலில் வெர்சாயில் சுமார் 10,000 மரங்கள் சாய்ந்தன. பழைய வரைபடங்களைப் பார்த்துத் திரும்ப நட்டார்கள்.

நம் நாட்டில் பேராதனைப் பூங்கா கண்டி அரசர்களின் இன்பவனமாக இருந்து 1821இல் தாவரவியல் பூங்காவானது. தலதா மாளிகைக்குப் பின்னால் உள்ள உடவத்தகலை அரச வனமாக இருந்தது. 1856இல் ஒதுக்கு வனம், 1938இல் சரணாலயம். அரசன் போன பிறகும் அவன் தோட்டத்துக்குக் குருவிகள் வந்துகொண்டிருக்கின்றன.

கேள்வி: சுற்றி மதில் கட்டிக் காவல் போட்டால் பாதுகாப்பு ஆகாதா? (ஓட்டமாவடி)

ஆகாது. லாகூரைப் பாருங்கள். ஷாஜகான் காலத்து ஷாலிமார் பூங்கா, லாகூர்க் கோட்டையோடு சேர்ந்து 1981இல் உலக மரபுரிமை ஆனது. மதில் இருந்தது, காவல் இருந்தது. 1999இல் தெற்குப் பக்கத்து வீதியை அகலமாக்க, மதிலுக்கு வெளியே இருந்த பழைய நீர்த்தொட்டிகளை இடித்தார்கள். பூங்காவின் ஊற்றுகளுக்குத் தண்ணீர் கொடுத்தவை அந்தத் தொட்டிகள்தான். அடுத்த ஆண்டே யுனெஸ்கோ அதை ஆபத்திலுள்ள மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வெளியே எடுக்க 2012 ஆயிற்று.

அரண்மனையின் உயிர் பல நேரம் மதிலுக்கு வெளியேதான் இருக்கிறது. சிகிரியாவுக்குத் தெற்கே சிகிரி மகாவெவ இருக்கிறது. பாறைக்கு டிக்கெட் எடுத்து ஏறுகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் குளக்கட்டைப் போய்ப் பார்க்கிறார்கள்?

கேள்வி: அம்மாவைச் சிகிரியாவுக்குக் கூட்டிப்போக ஆசை. ஏறுவாரா? (வலையிறவு)

சுமார் 1,200 படி. முழங்கால் வலி இருந்தால் ஏற்ற வேண்டாம், கீழே நீர்ப்பூங்காவிலேயே அரைநாள் பார்க்க இருக்கிறது. ஏறுவதானால் விடியவே தொடங்குங்கள். குளவிக்கூடு உள்ள பகுதியில் சத்தம் போடாமல் போங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் காப்பதற்கு என்ன இருக்கிறது? ஒரு குளம்தானே! (உன்னிச்சை இளைஞர்)

தம்பி, இவ்வளவு நேரம் நாம் பேசியது எல்லாமே குளத்தைப் பற்றித்தான். உங்கள் குளத்தில் படுவான்கரை வயல்கள் விளைகின்றன. மட்டக்களப்பு நகரத்துக் குழாயில் வருவதும் அந்தத் தண்ணீர். மாரியில் உன்னிச்சை வான்கதவு திறந்தால் அது மாவட்டத்துக்கே செய்தி.

பழைய வாய்க்கால்களுக்கு ஊரார் வைத்த பேர், எந்த வட்டைக்கு எந்தத் துருசு, வெள்ளம் வந்த ஆண்டில் கட்டை யார் யார் நின்று காத்தார்கள், எந்த மரத்தடியில் பொங்கல் வைத்துத் தண்ணீர் திறந்தார்கள் என்பதெல்லாம் இன்று சில வயதானவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. பாறையும் செங்கல்லும் இன்னும் நூறு ஆண்டு காத்திருக்கும். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். நாலு இளைஞர் சேர்ந்து ஒரு கொப்பியோடு போய் உட்காருங்கள், ஊர்ப் படம் ஒன்று கீறி ஒவ்வொரு வாய்க்காலின் பேரையும் குறியுங்கள். ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்திலும், ஒன்றை வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்திலும் கொடுங்கள். மூன்றாவது பிரதியை எங்களுக்கு அனுப்புங்கள். இந்தப் பக்கம் முழுவதையும் அதற்குத் தருகிறோம்.